மலைப் பந்தயத்தை வீதியோரம் நின்று பார்ப்பது எப்படி?

றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதை மாதிரி இடத்தில் சைக்கிள் பந்தயம் பார்ப்பதென்றால், ஏற்றத்திலேயே நில்லுங்கள். வேகம் குறைவு, வீரர்களின் முகம் தெரியும். இறக்கத்தில் முடக்கின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. பிரேக் பிடிபடாமல் வழுக்குகிறவர் அங்குதான் வந்து விழுவார். மூடுபனி இறங்கினால் தார் ஈரமாகும். தூரத்திலிருந்தே தெரியும் பளிச்சென்ற நிற மழைக்கோட்டு போடுங்கள்.

இடைவெளியை நீங்களே அளக்கலாம். கிலோமீற்றர் கல்லையோ மதகையோ குறியாக வையுங்கள். முன்னால் போகிறவரின் முன்சில்லு அதைத் தாண்டியதும் போனில் ஸ்டொப்வொட்ச்சை அழுத்துங்கள், துரத்துகிறவரின் சில்லு தாண்டியதும் நிறுத்துங்கள். ஒரு கிலோமீற்றர் மேலே நிற்கும் கூட்டாளியும் இதையே செய்தால், யார் களைக்கிறார் என்பது உடனே பிடிபடும். பந்தயத்தின் உயிரே அந்தச் செக்கன்களில்தான் இருக்கிறது.

படம் எடுக்க வீதிக்குள் கால் வைக்காதீர்கள். மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறுகிறவரும் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் வந்துவிடுவார். கமராத் திரையில் அந்தத் தூரம் விளங்காது. 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், அல்ப் டியூஸ் மலை ஏற்றத்தில், படம் எடுக்க நின்ற ரசிகர் மோதி இத்தாலிய வீரர் ஜியுசெப்பே குவெரினி விழுந்தார். எழுந்து அவரே வென்றது பெரிய விஷயம்.

தப்பு அடியுங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். ஆனால் தள்ளிவிடாதீர்கள், தண்டனை வீரருக்குத்தான். கேட்காமல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், குளிரில் உடம்பு விறைத்துவிடும். கொடித்தடி வீதிப்பக்கம் நீளக்கூடாது.

பந்தயத்தின் கடைசி வாகனம் போகும்வரை வீதியில் இறங்காதீர்கள். பின்தங்கியவர்கள் நேர எல்லைக்குள் முடிக்கப் போராடி வருவார்கள். சத்தம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.