முதல் த்ரீ டே ஈவென்டுக்கு குதிரையையும் உங்களையும் ரெடி பண்ணுறது எப்பிடி

குதிரை எண்டா எங்கட சனத்துக்கு ஒண்டில் நெடுந்தீவு ஞாபகம் வரும், இல்லாட்டி நுவரெலியா ஏப்ரல் சீசன் ரேஸ். த்ரீ டே ஈவென்ட் எண்டு சொன்னா "மூண்டு நாளும் ஓடிக்கொண்டே இருக்குமா" எண்டு கேப்பினம். அப்பிடியில்லை, ஒரே ஆள் ஒரே குதிரை, முதல் ட்ரெஸாஜ் (சொன்ன அசைவுகளை ஒழுங்காச் செய்து காட்டுறது), பிறகு க்ரொஸ் கன்ட்ரி (வெளித் தரையில அசையாத தடையளைத் தாண்டி ஓடுறது), கடைசியா ஷோ ஜம்பிங் (தட்டினா விழுற கட்டையளைப் பாயுறது). ஆக்கள் கனக்க வந்தா ட்ரெஸாஜுக்கே ரெண்டு நாள் போகும், பேர் மட்டும் மூண்டு நாள்தான். இது பட்டாளத்துக் குதிரையைச் சோதிக்க எண்டு வந்த விளையாட்டு, ஒலிம்பிக்குக்கு 1912ல ஸ்டொக்ஹோமில வந்தது. அணிவகுப்பில அடங்கி நிக்குமா, பள்ளம் மேடு தாண்டி ஓடுமா, அடுத்த நாளும் வேலைக்கு வருமா எண்டு பாக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வியிலதான் கனபேர் அடிபடுறது. க்ரொஸ் கன்ட்ரி முடிஞ்சு அடுத்த நாள், ஜம்பிங்குக்கு முதல், மிருக டொக்டரும் ஜட்ஜ்மாரும் பாத்துக்கொண்டு நிக்க குதிரையைக் கையில பிடிச்சு ட்ரொட்டில, அதாவது மெல்லோட்டத்தில, ஓடிக் காட்டோணும். நொண்டினா அவ்வளவுதான், அதுவரைக்கும் நீங்க முதலாவதா நிண்டாலும் வீட்டதான் போகோணும். அதால கீழ சொல்லுற எல்லாம் அந்தக் காலமையில இருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு வாற கணக்கு.

முதல் லெவல். சர்வதேசப் போட்டியில 1 நட்சத்திரத்தில க்ரொஸ் கன்ட்ரியின்ர அசையாத தடை 1.05 மீட்டர் உயரம், 2 நட்சத்திரத்தில 1.10. இதுக்குக் கீழ நாடுகளுக்குள்ள நடக்கிற போட்டியளில 80, 90 சென்டிமீட்டர் கிளாஸ் எல்லாம் இருக்கு, வெக்கப்படாம அங்க தொடங்குங்க. என்ர கணக்கு, வீட்டு லாயத்தில ஒரு கோர்ஸ் முழுக்க கூச்சமில்லாம என்ன உயரம் பாயுறீங்களோ அதில இருந்து 10 சென்டிமீட்டர் குறைச்சு என்ட்ரி போடுறது. வேற இடத்துச் சத்தம், கூட்டம், கொடி எல்லாத்தையும் கண்டா குதிரைக்கும் உங்களுக்கும் அந்தப் 10 சென்டிமீட்டர் தானா காணாமப் போயிடும்.

கொழும்பில இருந்துகொண்டு இதுக்குப் பழகிற பிள்ளையள், வெள்ளவத்தையில இருந்து விடியக்காலமை ஓட்டோ பிடிச்சு லாயத்துக்குப் போறாக்கள், முக்கால்வாசி வெளியில போய் அங்கத்தைய குதிரை ஒண்டில ஓடுற யோசனையிலதான் இருப்பீங்க. அப்பிடியெண்டா போட்டிக்கு முதல் நாள் போய் ஏறிற வேலை வேண்டாம், சில கிழமையாவது அந்தக் குதிரையோட இருக்கக் கூடிய மாதிரி லீவு எடுங்க. பக்கத்தில பெங்களூர் இருக்கு, இந்தியாவுக்கு ஓடின ஃபுவாத் மிர்சா அந்த ஊர்க்காரர்தான், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில ஈவென்டிங்கில (இதே விளையாட்டுத்தான்) தனிநபர் வெள்ளி, டோக்கியோ ஒலிம்பிக்கில 23ஆவது இடம். எங்கட கொடியில டோக்கியோவுக்குப் போன மதில்டா கார்ல்சன் ஷோ ஜம்பிங் ஆள், எண்டாலும் சிலோன் பேரை குதிரை ஸ்டேடியத்தில வாசிக்க வச்சவ.

சரி, வேலைக்கு வருவம். குதிரைக்கு ஆகக்குறைஞ்சது 12 கிழமை, கன நாள் சும்மா நிண்டது எண்டா 16. ஏன் இவ்வளவு எண்டா, மூச்சும் இதயமும் சதையும் கெதியாத் தேறிடும், குதிரை துள்ளத் தொடங்கும், நீங்களும் "அட ரெடி" எண்டு நினைப்பீங்க, ஆனா உள்ளுக்க டென்டனும் (சதையை எலும்போட பிணைக்கிற நாண்) எலும்பும் மாசக்கணக்கில ஆறுதலாத்தான் இறுகும். அந்த இடைவெளியிலதான் கால் போறது. முதல் 4 கிழமை நடை, நடை, பிறகு கொஞ்சம் கொஞ்சமா ட்ரொட், அதுவும் இறுக்கமான தரையில கன நேரம் இல்லை. உண்மையா போர் அடிக்கும், ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு போகாம குதிரையின்ர காதைப் பாத்துக்கொண்டு போங்க.

அஞ்சாம் கிழமை அளவில இன்டர்வல், அதாவது ஓட்டமும் நடையும் மாறி மாறி, தொடங்கலாம். 3 தரம் 5 நிமிச கென்டர் (ட்ரொட்டை விட வேகமான ஓட்டம்), இடையில 3 நிமிச நடை, நாலஞ்சு நாளுக்கு ஒருக்கா, அதுக்கு மேல வேண்டாம். வேகத்தை உத்தேசமா விடாதீங்க, 400 மீட்டர் அளந்து ரெண்டு கொடி நட்டு ஸ்டொப்வொச்சோட ஓடுங்க: அந்தத் தூரத்தை 60 செகண்டில ஓடினா நிமிசத்துக்கு 400 மீட்டர், 48 செகண்ட் எண்டா 500. நீண்ட வடிவ 2 நட்சத்திரப் போட்டியில நிமிசத்துக்கு 520 மீட்டர் வேகத்தில 7 தொடக்கம் 9 நிமிசம் ஓடோணும், தடையளும் தாண்டிக்கொண்டு. பயிற்சியில முக்கால்வாசி அதுக்குக் கீழதான், முழு வேகம் எப்பவாவது ஒரு துண்டு மட்டும். கடைசிப் பெரிய ஓட்டம் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முதலே முடிஞ்சிருக்கோணும்.

தரைதான் இங்க பெரிய கரைச்சல். 1893ல திறந்த கொழும்பு ரேஸ் கோர்ஸ் இப்ப ரக்பி கிரவுண்டும் கடையளுமா இருக்கு, நீட்டுப் புல்லுத் தரை கிடைக்கிறதே அதிஷ்டம். கடற்கரைக்குக் கொண்டு போறாக்கள் தண்ணி அடிச்சு இறுகின ஈர மணலில மட்டும் ஓடுங்க, மேல காஞ்ச ஆழமான மணல் டென்டனுக்கு எமன்.

இப்ப வெக்கை. இதைத்தான் கூடக் கதைக்கோணும், ஏனெண்டா வெளியூர்ப் புத்தகங்கள் குளிர் நாட்டை நினைச்சு எழுதினது. குதிரை வேர்வையாலதான் சூட்டை இறக்கிறது, எங்கட காத்தில ஈரம் கூட, வேர்வை காயாம ஒழுகிப் போகும், குளிர்ச்சி கிடைக்காது. குளிர் நாட்டில இருந்து வந்த சில குதிரையள் இங்க கொஞ்சக் காலத்தில வேர்க்கிறதையே விட்டிடும், தோல் காஞ்சு கிடக்கும், மூச்சு மட்டும் புசுபுசுவெண்டு போகும், அது வடிவா வேலை செய்யுது எண்ட அர்த்தம் இல்லை, உடன நிப்பாட்டி டொக்டருக்குச் சொல்லுங்க. வேலை விடியக்காலமை, வெயில் ஏற முதல். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில பின்னேரம் இடி மின்னல் எண்டபடியா பின்னேரத்தை நம்பி பிளான் போடாதீங்க.

ஒவ்வொரு நாளும் காலமை லாயத்தில நிக்கேக்க மூண்டு எண்ணைக் கொப்பியில எழுதுங்க. உடம்புச் சூடு 37.2 தொடக்கம் 38.3 பாகை, இதயம் நிமிசத்துக்கு 28 தொடக்கம் 44, மூச்சு 8 தொடக்கம் 16, இதுக்குள்ள இருக்கோணும், ஆனா முக்கியம் உங்கட குதிரையின்ர வழக்கமான எண் என்ன எண்டதுதான். இதயத்துடிப்பு இடது முழங்கைக்குப் பின்னால ஸ்டெதஸ்கோப் வச்சா கேக்கும், 15 செகண்ட் எண்ணி 4ஆல பெருக்குங்க. இன்டர்வல் முடிஞ்சு 10 நிமிசம் நடத்தின பிறகும் 70க்கு மேல நிண்டா அண்டைக்கு வேலை கூடிப்போச்சு, அடுத்த முறை கூட்டாம குறையுங்க.

சூட்டை இறக்க தண்ணி, நிறையத் தண்ணி, நிப்பாட்டாம ஊத்துறது. ஊத்திறது வழிக்கிறது ஊத்திறது வழிக்கிறது எண்டு ஒரு பழைய பழக்கம் இருக்கு, வழிக்கிற நேரத்துக்கும் சேத்து ஊத்தினா கெதியா ஆறும். குளிர்ந்த தண்ணி சதையைப் பிடிக்கும் எண்டு பயப்படுற லாயத்து அண்ணாமாருக்கு ஆறுதலா விளங்கப்படுத்துங்க, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக வெக்கையில குதிரையளை வச்சு கனக்க ஆராய்ஞ்சு அதுக்குப் பிறகு இதுதான் முறை. அதே மாதிரி சூடான குதிரைக்குத் தண்ணி குடுக்கக் கூடாது எண்டதும் பிழை, கேட்டா குடுங்க. குதிரை வேர்வை அதின்ர ரத்தத்தை விட உப்பு கூடினது, அதால 500 கிலோக் குதிரைக்கு ஒரு நாளைக்கு 25, 30 கிராம் சாதாரண உப்பு தீனியோட போகோணும், நல்லா வேர்த்த நாளில எலெக்ட்ரொலைட்டும் (வேர்வையோட போற உப்புகளை ஈடு செய்யுற கலவை). ஆனா தண்ணி குடிக்காத குதிரைக்கு எலெக்ட்ரொலைட் குடுக்காதீங்க, நிலைமை மோசமாகும்.

ட்ரெஸாஜைப் பற்றிக் கொஞ்சமாச் சொல்லுறன். ஒவ்வொரு அசைவுக்கும் 10க்குப் புள்ளி, வந்த சதவீதத்தை 100ல கழிச்சா அதுதான் உங்கட தண்டப் புள்ளி, 65 சதவீதம் எடுத்தா 35. மூலையை ஒழுங்காச் சுத்துறது, மைதானக் கரையில வச்ச எழுத்துக்கு நேரா ட்ரொட்டை மாத்துறது, சதுரமா நிக்கிறது, இதுக்கெல்லாம் விலை கூடின குதிரை தேவையில்லை. முழு டெஸ்டையும் ஒவ்வொரு நாளும் ஓடிப் பாக்காதீங்க, குதிரை பாடமாக்கிப்போட்டு உங்களுக்கு முதலே திரும்பிடும். நீங்க வீட்டில ஹோலுக்குள்ள நடந்து பாடமாக்குங்க, அம்மா என்ன நினைச்சாலும் பரவாயில்லை.

க்ரொஸ் கன்ட்ரியில குதிரைக்குப் புதுசா இருக்கிறது கட்டை இல்லை, தண்ணியும் பள்ளமும் மேட்டில இருந்து குதிக்கிறதும்தான். இங்க மழைக்குத் தேங்கிற தண்ணியை வீணாக்காதீங்க, அடி தெரியுற, வழுக்காத குட்டைக்குள்ள பழகின குதிரை ஒண்டை முன்னால விட்டு நடையில போங்க, பேசாதீங்க அடிக்காதீங்க, பாத்துக்கொண்டு நிக்க விடுங்க. நீலத் தறப்பாள் ஒண்டை தரையில விரிச்சா பள்ளத்துக்கும் பழக்கலாம். எண்டாலும் உண்மையான தடையளை போட்டி அண்டைக்குத்தான் முதல் முதலா காட்டுறது எண்டு ஒரு பேச்சு இருக்கக் கூடாது, க்ரொஸ் கன்ட்ரி தரை இருக்கிற இடத்தில சில நாள் பழகியே ஆகோணும்.

விதி சுருக்கமா: சிவப்புக் கொடி வலம், வெள்ளை இடம். குதிரை தடையைத் தாண்டாம நிண்டா 20 தண்டப் புள்ளி, அதே தடையில திரும்ப நிண்டா 40, விழுந்தா வெளியில. நேரம் பிந்தினா செகண்டுக்கு 0.4. கணக்குப் பாருங்க, 30 செகண்ட் பிந்தி வந்தா 12 புள்ளிதான், ஒருக்கா நிக்கிறதை விடக் குறைவு. முதல் போட்டியில நேரத்துக்குப் பின்னால ஓடாதீங்க. கோர்ஸை ஆகக்குறைஞ்சது மூண்டு தரம் நடவுங்க, கடைசித் தரம் தனிய, ஃபோனை அறையில வச்சிட்டு.

ஆளுக்கு வருவம். 8 நிமிசம் சேணத்தில குந்தாம காலில நிண்டு ஓடிப் பாருங்க, மூண்டாம் நிமிசம் தொடையில நெருப்பு எரியும், களைச்ச ஆள் கடைசித் தடையளில குதிரையின்ர முதுகில மூட்டை மாதிரித்தான் விழுவார். அதால காலி முகத்திடலிலயோ சுதந்திர சதுக்கத்திலயோ ஓடுங்க, படி ஏறுங்க. ஹெல்மட், பொடி ப்ரொடெக்டர், கையில கட்டுற மெடிக்கல் பட்டி மூண்டும் புதுசு எண்டா பயிற்சியில போட்டுப் பழகுங்க, வெக்கைக்கு அந்த ப்ரொடெக்டர் அடுப்பு. முதல் நாள் இரவு கொத்து வேண்டாம், சோறும் பருப்பும் போதும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, செவ்விளநீர். தலையில அடிபட்டா "ஒண்டுமில்லை அங்கிள்" எண்டு திரும்ப ஏறக் கூடாது.

மருந்து விசயத்தில கவனம். காலுக்கு எண்ணெய், பாம், ஆயுர்வேத ஒத்தடம் எண்டு எங்கட ஆக்கள் அன்பில பூசுவினம், அதில கப்சைசின் இருந்தா முடிஞ்சுது, மிளகாய்க்கு உறைப்புக் குடுக்கிற அதே சாமான், 2008 ஒலிம்பிக்கில ஜம்பிங் குதிரையள் அதாலதான் பிடிபட்டது. கஃபீனும் லிஸ்டில இருக்கு, தேத்தண்ணிக் கப்பை தீனி வாளிக்குப் பக்கத்தில வைக்காதீங்க. லேபல் வாசிக்காம ஒண்டும் குடுக்க வேண்டாம், பூச வேண்டாம்.

லாடம் போட்டிக்கு ஒரு கிழமை, பத்து நாளுக்கு முதல் அடிப்பியுங்க, முதல் நாள் அடிச்சு ஆணி ஒண்டு நெருக்கிச்சு எண்டா நொண்டத்தான் செய்யும். கையில பிடிச்சு ட்ரொட் ஓடிக் காட்டுறதையும் பழகுங்க, ட்ரெஸாஜுக்கு முதலும் ஒரு பரிசோதனை இருக்கு. கயிறைத் தளர விட்டு, நீங்க தோளுக்குப் பக்கத்தில நேரா ஓடோணும், திரும்பி முகத்தைப் பாத்தா குதிரை நிண்டிடும்.

க்ரொஸ் கன்ட்ரி முடிஞ்ச பின்னேரம்தான் உண்மையான வேலை. முதல் சூட்டை இறக்குங்க, 39க்குக் கீழ வரும் வரைக்கும் தண்ணியை விடாதீங்க. பிறகு நாலு காலையும் கையால தடவி வெட்டு, முள்ளு, வீக்கம் பாருங்க, கண்ணை நம்பாதீங்க. கால்களுக்கு ஐஸ், 20 நிமிசம், ரெண்டு மூண்டு தரம். ஒவ்வொரு ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கும் 10 நிமிசம் வெளியில நடத்துங்க, நிண்டே கிடந்தா விறைச்சுப் போகும். இரவு படுக்க முதல் ஒருக்கா ட்ரொட்டில ஓட்டிப் பாருங்க, ஏதும் வித்தியாசம் தெரிஞ்சா அந்த நேரமே டொக்டரைக் கூப்பிடுங்க, விடியுமட்டும் பொறுக்காதீங்க. தீனி எத்தினை மிச்சம், தண்ணி எத்தினை வாளி எண்டும் எழுதி வையுங்க.

மூண்டாம் நாள் விடியக்காலமை எழும்பி 20, 30 நிமிசம் நடத்தி, பிறகு ட்ரொட். பாஸ் பண்ணிட்டா ஜம்பிங், கட்டை விழுந்தா ஒவ்வொண்டுக்கும் 4. குதிரை நேற்றைய ஓட்டத்தில நீட்டுப் பாய்ச்சலுக்குப் பழகி தட்டையாப் பாயும், அதால வோர்மப்பில உயரத்தைக் கூட்டாம கென்டரைச் சுருக்கி வேலை செய்யுங்க, பத்துப் பாய்ச்சலுக்கு மேல வீணாக்காதீங்க. நொண்டுற மாதிரி சந்தேகம் வந்தா, ஜட்ஜ் சொல்ல முதலே நீங்களே விலத்துங்க, அடுத்த போட்டிக்கு அதே குதிரை வேணும்.

முடிஞ்ச பிறகு ஒரு கிழமை, பத்து நாள் வேலை இல்லை, நடையும் புல்லும் மட்டும். காலைத் தடவுறதை மட்டும் அந்தப் பத்து நாளும் நிப்பாட்டாதீங்க, டென்டன் சூடு சில நேரம் நாலஞ்சு நாள் பிந்தித்தான் கைக்குத் தெரியும்.