கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள்: ஆட்டிசம் பிள்ளைகளின் உடலியக்கப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவனுடைய இரண்டு கைகளையும் தன் கைகளால் மூடிக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு மணி. மாலை அழகாக வந்தது. பையன் அந்த ஐந்து நிமிடமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முடிச்சிட்டான்கா!" என்று அவள் சந்தோஷமாகத் திரும்பியபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடிக்கக்கூடாது, கத்தக்கூடாது, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடக்கூடாது என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள், செய்யும்போது வெற்றி மாதிரியே தெரிகிற தவறுகள், அவற்றைப் பற்றித்தான் புதிதாக வரும் சாராகெர்ஜா (செயல்வழி, அதாவது ஆக்குபேஷனல் தெரபி) சிகிச்சையாளர்களிடமும் பெற்றோரிடமும் பேச நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஆட்டிசம் என்றதும் பேச்சு, கண் பார்த்துப் பழகுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, இவைதான் நினைவுக்கு வருகின்றன. உடல் அசைவில் வரும் சிரமம் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோல்களில் ஒன்றாக இல்லை. ஆனால் நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு அது இருக்கிறது. தசை தளர்ந்திருக்கும், உட்கார்ந்தால் சரிந்துபோவார்கள், பந்து வருவது தெரிந்தும் கை நேரத்துக்குப் போகாது. கை காலில் பலம் இருந்தும், எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று உடம்புக்குள் திட்டமிடுவதில் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. "சோம்பேறி, வேண்டும் என்றே செய்ய மாட்டேங்கிறான்" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளைத்தான்.

கையைப் பிடித்துச் செய்ய வைப்பது

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். அது ஆசீர்வாதம். ஒரு நாள் செய்வது. அதையே வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம், எட்டு மாதம் நான் ஒரு பையனுக்குச் செய்தேன்.

பிறை என்ற ஊரிலிருந்து அவனை அவன் அம்மா அழைத்து வருவார். ஐந்தரை வயது, பேச்சு இல்லை. பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போவதற்குள் எழுதப் பழகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே கவலை. நான் அப்போது வேறொரு மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வகுப்பு முடியும்போது பெற்றோர் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். பையனின் கையை என் கைக்குள் வைத்து எழுதினேன். 'அ' முதல் 'ஃ' வரை நான்கு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துத் தாத்தா பாட்டிக்கு அனுப்பினார்.

பிறகு ஒரு நாள் பாலர் பள்ளி ஆசிரியை அவன் முன்னால் தாளையும் பென்சிலையும் வைத்தார். அவன் வலது கையை, மணிக்கட்டைத் தொங்கவிட்டபடி, அவரை நோக்கி நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படியே காத்திருந்தான். என்ன கேட்கிறான் என்று அந்த ஆசிரியைக்குப் புரியவில்லை. அவனுக்கு எழுதுவது என்றால் அதுதான்: கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பது.

மறுநாள் அவன் அம்மா நான்கு நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "டீச்சர், இதெல்லாம் அவன் எழுதினதுதானே?" என்றார். நான் முதல் நோட்டைத் திறந்தேன். என் 'ஆ'வின் சுழி எனக்குத் தெரியாதா? நான்கு நோட்டிலும் இருந்தது என்னுடைய கையெழுத்து.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும், அதைக் கேட்டபோது அவர் முகம் போன விதத்தையும் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆகவேதான் யாராவது ஒரு பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் மூடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கோடு போட வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்குள் எழ வேண்டும். கை எங்கே போகும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடும். கை அசையும். போட நினைத்ததும் போட்டதும் வேறாக இருந்தால், சிறுமூளை அந்த வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த முயற்சியைத் திருத்தும். கற்றல் என்பது அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. நாம் கையைப் பிடித்து இழுத்தால் எண்ணமும் நம்முடையது, கணக்கும் நம்முடையது. தவறே நடக்காததால் திருத்துவதற்கும் ஒன்றும் இல்லை. திட்டமிடுவதிலேயே சிரமப்படும் பிள்ளையிடமிருந்து, அவன் பழக வேண்டிய அந்த ஒன்றையே பறித்துவிடுகிறோம். அவன் பழகுவது காத்திருப்பதை மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பேச முடியாத பிள்ளை "வேண்டாம்" என்று உடம்பால்தான் சொல்ல முடியும். கையை இழுத்துக்கொள்வான், விரலை மடக்குவான். அதை மீறி மீறிப் பிடித்தால், பெரியவர்கள் என் உடம்பை எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். நாளைக்குத் தவறான ஒருவர் தொடும்போது இந்தப் பாடம் அவனுக்கு எதிராக நிற்கும்.

அந்தப் பையன் தானாக ஒரு கோடு போட மேலும் ஐந்து மாதம் ஆனது. பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெயிண்ட் பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும். பின்பக்கச் சிமெண்டுச் சுவரில் நான் ஒரு கோடு இழுப்பேன், பிரஷை வாளியில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். வெயிலில் கோடு கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், சரி தப்பு என்று எதுவும் மிஞ்சாது. முதலில் பல நாள் கையை என்னிடம் நீட்டினான். நான் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் பிரஷை எடுத்து மேலிருந்து கீழே இழுத்தான். கோணலான, ஒரு முழ நீளக் கோடு. அதை அவன் அம்மா படம் எடுப்பதற்குள் காய்ந்துபோனது.

கையைப் பிடிக்காமல் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முதலில் காத்திருங்கள். செய்து காட்டிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து விநாடி மிக நீளமாகத் தெரியும், எண்ணித்தான் ஆக வேண்டும். உதவி தேவை என்றால் முழங்கையிலிருந்து தொடங்குங்கள், விரலிலிருந்து வேண்டாம். அல்லது உங்கள் கை கீழேயும் அவன் கை மேலேயும் இருக்கட்டும். அப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் அவனால் எடுத்துக்கொள்ள முடியும்.

கால்சட்டை போடுவது மாதிரியான வேலைகளைப் பின்னாலிருந்து பழக்குங்கள். இடுப்புக்கு நான்கு விரல் கீழே வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், கடைசி இழுப்பு அவனுடையது. அது பழகியதும் தொடையிலிருந்து, பிறகு முட்டியிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

ஒவ்வொரு முயற்சிக்கும் என்ன உதவி செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள்: தானாகச் செய்தான், காட்டினேன், முழங்கையில் தொட்டேன், கையைப் பிடித்தேன். இரண்டு வாரமாகக் கடைசி வகை குறையவில்லை என்றால் அந்த வேலை அவனுக்கு இன்னும் கனமானது. வேலையை இலகுவாக்குங்கள். சாலையைக் கடக்கும்போது, சூடான சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, கையைப் பிடியுங்கள். அது பாதுகாப்பு, பயிற்சி அல்ல.

தீபாவளி வந்தால் மையங்களிலிருந்து வீட்டுக்குப் போகும் வாழ்த்து அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். மயில் இறகு ஒவ்வொன்றும் வரிசையாக, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வண்ணம்கூட இல்லாமல். நான்கு வயதுப் பிள்ளை செய்தது அப்படி இருக்காது. பெற்றோரே, கசங்கிய அட்டை வந்தால் சந்தோஷப்படுங்கள், தொட்டது உங்கள் பிள்ளை.

'அ'விலிருந்து தொடங்குவது

நேர்க்கோடு, படுக்கைக்கோடு எல்லாம் பிள்ளைகளுக்கு இரண்டு, இரண்டரை வயதில் பார்த்து வரைய வரும். வட்டம் மூன்றை ஒட்டி, கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் அதற்கும் பிறகு. நம் பிள்ளைகளில் பலருக்கு இது இன்னும் தள்ளிப்போகும். 'அ'வில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, நடுவில் திசை மாறுகிறது, பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு. அகர வரிசையில் முதல் எழுத்து என்பதால் கைக்கும் அது முதல் எழுத்தாகிவிடாது. கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு போடத் தெரிந்தவனுக்கு 'ட' வந்துவிட்டது. 'ப' அதற்கு அடுத்த படி. பிறகு 'ம'.

பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பத்து வயதை ஒட்டிவிடும். நான்கு வயதுக் கைக்கு மெல்லிய நீளப் பென்சில் எதற்கு? சாக்கட்டியை அரை விரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். உள்ளங்கையால் பிடிக்க இடம் இருக்காது, விரல் நுனி தானே வேலைக்கு வரும்.

கால் தொங்க நாற்காலியில் உட்கார வைப்பது

பாதம் தரையில் பட வேண்டும். எட்டவில்லை என்றால் பழைய தொலைபேசிப் புத்தகத்தையோ மரப்பலகையையோ கீழே வையுங்கள்.

ஊஞ்சலை நம்புவது

ஊஞ்சல், பெரிய பந்து, தூரிகையால் தேய்ப்பது, கனமான மேலங்கி. இவை இருந்தாலே சிகிச்சை நடக்கிறது என்று நினைக்கிறோம். எதற்காக ஆட்டுகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அது விளையாட்டு. விளையாட்டு நல்லதுதான், ஆனால் அதற்குச் சிகிச்சைக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆகவே பிள்ளையின் மருத்துவக் குறிப்பைக் கேட்காமல் வேகமாகச் சுற்றிவிடாதீர்கள்.

அந்தக் காசுக்கு வீட்டிலேயே நிறைய இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, இடியாப்ப அச்சை அழுத்துவது, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் துணி கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டுவது. பல்லாங்குழியைவிடச் சிறந்த விரல் பயிற்சிக் கருவியை நான் பார்த்ததில்லை: ஒரு கையில் அள்ளிய புளியங்கொட்டையை அதே கையின் விரல் நுனிக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள்.

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. எங்கள் பிள்ளைகள் சிலரோடு காலையில் முதல் இருபது படிகள் மட்டும் ஏறி இறங்குவோம். ஏறும்போது காலை மாற்றி மாற்றி வைப்பது முதலில் வரும், இறங்கும்போது அப்படி வைக்கப் பிறகுதான் வரும். அவசரப்படுத்தித் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டால் அந்தக் கடினமான பாதிப் பயிற்சி போய்விடும்.

மூன்று மொழியில் ஒரு கட்டளை

வீட்டில் "பிடி", பாலர் பள்ளியில் மலாயில் "பெகாங்", மையத்தில் "ஹோல்ட்". வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் பிள்ளைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பாட்டியோடு பேச முடியாத பிள்ளையாக அவனை ஆக்காதீர்கள். மாற வேண்டியது சிகிச்சையாளர்தான். அம்மா வீட்டில் என்ன சொல்லைச் சொல்கிறார் என்று கேட்டு அதையே சொல்லுங்கள், ஒரு தடவை மட்டும். கை வேலை செய்யும்போது வாயை மூடிக்கொள்வது நல்லது.

பலகையில் பொத்தான், கையில் கரண்டி

மேசையில் கிடக்கும் பலகையில் பொத்தான் போடத் தெரிந்த பிள்ளைக்கு, மார்பில் இருக்கும் சட்டைப் பொத்தான் போட வராது. தலைகீழாகத் தெரியும், கண்ணுக்குச் சரியாகவும் படாது. பள்ளிச் சட்டையிலேயே பழக்குங்கள், பெரிய அளவுச் சட்டையில் தொடங்குங்கள்.

கரண்டியைக் கையில் பிடிக்க வரவில்லை என்று மதிப்பீட்டுப் படிவத்தில் குறைத்து மதிப்பெண் போடுவதும் தவறு. நம் வீட்டில் யார் கரண்டியால் சாதம் சாப்பிடுகிறார்கள்? விரல்களைக் குவித்து, உருண்டையாக்கி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று மதியம் சாப்பிடும்போது உங்கள் கையையே பாருங்கள். குழம்பு கையில் படுவது பிடிக்காத பிள்ளைக்கு முதலில் உலர்ந்த இட்லித் துண்டு.

கையை உதறுவதை அடக்குவது

விடுங்கள். அவனுக்கு அது வேண்டும்.

நுனிக்காலில் நடப்பதைத் திட்டித் திருத்தப் பார்ப்பது

"காலை ஊனி நட" என்று நாள் முழுக்கச் சொன்னால் பிள்ளை அழும், குதிகால் இறங்காது. கணுக்காலை மடக்கிப் பாதத்தை மேலே கொண்டுவர முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் கெண்டைக்கால் தசை இறுகிவிட்டது, அது பிசியோதெரபி நிபுணரும் மருத்துவரும் பார்க்க வேண்டிய விஷயம். நாள் போகப் போக இறுக்கம் கூடும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. நேற்றுவரை கப்பைப் பிடித்துக் குடித்த பிள்ளை இப்போது பிடிப்பதில்லை, நடந்தது தடுமாறுகிறது, வந்த திறமை திரும்பிப் போகிறது என்றால், ஆட்டிசம்தானே என்று இருந்துவிடாதீர்கள், எங்களிடம் வந்து கூடுதல் வகுப்பும் கேட்காதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். எப்போதிலிருந்து, எந்தக் கையில், என்ன செய்து கொண்டிருந்தான் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். பழைய கைப்பேசி வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.