ஸ்பீக்கர் முதுகில் எழுதிய 8 ஓமை நம்பிக் கிராஸ்ஓவர் கட்டாதீர்கள்

தாழ்ந்த சுருதி ஒலியை வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கருக்கும், உயர்ந்த சுருதி ஒலியை ட்வீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றுதான் கிராஸ்ஓவர். வூஃபர், ட்வீட்டர் இரண்டின் பின்னாலும் 8 ஓம் என்று எழுதியிருக்கும். 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கலாம் என்று சூத்திரத்தில் போட்டால், வூஃபருக்கு 0.42 மில்லிஹென்றி காயில், ட்வீட்டருக்கு 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று விடை வரும். கணக்கு சரிதான். ஆனால் அந்த 8 ஓம் பெயரளவுக்கு எழுதியது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

வூஃபரின் வாய்ஸ் காயிலும் ஒரு காயில்தானே? 6 ஓம் கம்பித் தடையும் 0.8 மில்லிஹென்றியும் உள்ள வூஃபர், 3,000 ஹெர்ட்ஸில் சுமார் 16 ஓம் காட்டும். அதன் முன்னால் 0.42 மில்லிஹென்றி வைத்தால், ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபல் என்று இறங்கிக்கொண்டே போகாது. மூன்றரை டெசிபல் சொச்சம் குறைத்ததும் காயிலின் வேலை நின்றுவிடும். மேலே வூஃபர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், பாடகியின் குரல் காதில் குத்தும். இதற்கு மருந்து, வூஃபரின் சுமையைச் சமன்செய்யும் ஸோபெல் என்ற சிறு சுற்று: 7.5 ஓம் ரெசிஸ்டரையும் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்து, வூஃபரின் இரு முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கெப்பாசிட்டர் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

ட்வீட்டர் பக்கமும் இதே கதைதான். சத்தம் தூக்கலாக இருக்கிறதென்று 3 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்ப்பார்கள். சத்தம் குறையும், சரி. ஆனால் கெப்பாசிட்டர் பார்க்கும் சுமை இப்போது 11 ஓம். 3,000 ஹெர்ட்ஸ் என்று நினைத்த இடம் 2,200க்கு இறங்கிவிடும். ட்வீட்டரின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே அதிகம் அதிரும் இடம், 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், ஒற்றைக் கெப்பாசிட்டரை நம்பிச் சத்தமாக வைப்பது ஆபத்து. தொடராக 2.3 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 20 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை (இதற்குப் பெயர் எல்-பேட்) போட்டால், 3 டெசிபல் குறையும், சுமையும் 8 ஓமிலேயே நிற்கும்.

பழைய போர்டில் கழற்றிய பிளஸ், மைனஸ் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வேண்டாம். நான்-போலார் அல்லது பாலிப்ரோப்பிலீன் வாங்குங்கள். இரண்டு காயில்களைப் பக்கத்தில் ஒட்டி வைக்காமல், தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வையுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பக்கமும் ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர் என்று இரண்டாம் படி ஃபில்டர் போட்டால், பிரியும் இடத்தில் இரண்டு ஒலிகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று விழுங்கிவிடலாம். 3,000 ஹெர்ட்ஸ் டோனை மெல்ல ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். ஆம்ப்பை அணைத்து, ட்வீட்டரின் இரு வயர்களை மட்டும் மாற்றிப்போட்டு மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் டோன் நிறைவாகக் கேட்கிறதோ அதையே சால்டர் வையுங்கள்.