நாய்க்குட்டி வந்த முதல் மாதங்கள்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். குட்டியைத் தூக்கி வந்த அன்றே ஆசையாக ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தேன். விடிய விடியக் கழிச்சல். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. குழைந்த சோறும் முள் எடுத்து அவித்த மீனும் கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நான்கு வேளை கொடுத்தேன். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வாசலுக்குத் தூக்கிப் போங்கள். வெளியே ஒன்றுக்கோ இரண்டுக்கோ போனால் கொஞ்சுங்கள், வீட்டுக்குள் போனால் பேசாமல் துடைத்துவிடுங்கள். அடித்தால் ஒளிந்துபோய்க் கட்டிலடியில் போகும், அவ்வளவுதான்.

ஊசி முக்கியம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். இவை முடியும்வரை தெருநாய்கள் திரியும் கரைப் பக்கம் இறக்கிவிடாதீர்கள்.

அப்புறம் கரை. வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன், பந்துபோல் உப்பும் நச்சு மீன், மணலில் கிடக்கும். காய்ந்தாலும் வெந்தாலும் அதன் நஞ்சு போகாது, தின்ற நாய் மூச்சடைத்துச் சாகும். எங்கள் குட்டி ஒருநாள் கவ்வியேவிட்டது. விரலை விட்டுப் பிடுங்கிப் போட்டு, வாயைக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். நல்லவேளை, விழுங்கவில்லை. தூண்டில் முள்ளும் அறுந்த வலையும் அதே மணலில்தான். இப்போது கழுத்தில் கயிறில்லாமல் அது படி இறங்குவதே இல்லை.