சின்ன வியாபாரத்துக்கு வெப்சைட்: எந்தத் தளத்தில் கட்டுவது?

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் போட்டிருந்த விலை ஒன்றரை வருஷம் பழையது. முந்திரியில் டபிள்யூ 240, டபிள்யூ 320, அரைப் பருப்பு, துண்டு என்று ரகத்துக்கு ஒரு விலை, அதுவும் அடிக்கடி மாறும். மாற்றித் தரச் சொல்லி, செய்துகொடுத்தவருக்கு ஃபோன் போட்டால் "பார்க்கிறேன்" என்பதோடு சரி. கடைசியில் பழைய விலையைப் பார்த்து ஆர்டர் கொடுத்த வெளியூர்க்காரரிடம் சித்தப்பா மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் இருவரும் உட்கார்ந்து புதிதாக ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: சிஎம்எஸ். கோடு எழுதத் தெரியாமலேயே விலை, படம், விவரம் எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள் இது. எந்தத் தளத்தில் கட்டுவது என்றால், இப்படிப்பட்ட எந்த மென்பொருளில் கட்டுவது என்றுதான் அர்த்தம்.

படி 1: நோட்டை எடுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தளத்தில் எதெல்லாம் மாறும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? யார் மாற்றுவார்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சித்தப்பாவின் பதில்: விலை, வாரம் ஒருமுறை, அவரே, கடையில் உட்கார்ந்தபடி மொபைலில். புதுச்சேரி வைட் டவுனில் விருந்தினர் விடுதி நடத்துபவரின் பதில் வேறாக இருக்கும். வாடகை சீசனுக்குத்தான் மாறும், ஆனால் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழி வேண்டும். வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்பவருக்கோ ஒவ்வொரு பொம்மைக்கும் தனிப் படம், தனி விலை. ஒன்று விற்றுவிட்டால் உடனே அதை எடுத்துவிட வேண்டும். மூவருக்கும் ஒரே தளம் பொருந்தாது.

படி 2: பணம் எங்கே கைமாறும்?

வாடிக்கையாளர் தளத்திலேயே பணம் கட்ட வேண்டுமா, வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு யுபிஐயில் அனுப்பினால் போதுமா? நம் பக்கத்துச் சின்னக் கடைகள் பலவற்றுக்கு இரண்டாவதே போதும் என்பது என் எண்ணம். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கிற ஒரு பட்டன் வைக்கச் செலவே இல்லை. பொருள்களைச் சேர்த்து வைக்கும் கார்ட், தளத்திலேயே பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, கூரியர் கட்டணக் கணக்கு எல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: டொமைனை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்

டொமைன் என்பது பிரௌசரில் அடிக்கிற உங்கள் வெப்சைட் முகவரி. தளம் எதுவானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சித்தப்பாவின் பழைய தளத்தின் டொமைன், செய்துகொடுத்தவரின் ஈமெயிலில் பதிவாகியிருந்தது. அதை நம் கைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் அலைந்தோம். கடையின் ஈமெயில், கடையின் ஃபோன் நம்பர், உங்கள் கார்டு என்று இருக்கட்டும்.

சொந்த டொமைன் ஏன் தேவை என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததே சாட்சி. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்களை கூகுள் அப்போது மூடிவிட்டது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதே முகவரியில் வேறு தளம் கட்டிக்கொள்ள முடிந்தது. இலவச முகவரியையே விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களுக்குக் கார்டும் வீணாயிற்று.

படி 4: இரண்டு தளங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடத்துக்கான வாடகை) டொமைனுக்கும்தான் காசு. உலகத்து வெப்சைட்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அதனால் நமக்கு என்ன லாபம் என்றால், இன்று உதவுபவர் நாளைக்கு வராவிட்டாலும் கடலூரிலேயே வேறொருவர் கிடைப்பார். ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் தளத்தை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றலாம். பாலிலேங் போன்ற ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டால் மும்மொழியும் சரி. ஆனால் ப்ளகின்களை அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்கள். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து ப்ளகின்களுக்குத் தானியங்கி அப்டேட் வசதி உண்டு. அதை ஆன் செய்துவிடுங்கள். இன்னொன்று, வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே ஹோஸ்டிங்கும் தரும் சேவை. டாட் ஆர்க் தளத்தில் கிடைப்பதுதான் நாம் எங்கு வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். வாங்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விக்ஸில் ஹோஸ்டிங், பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இழுத்து வைத்தால் பக்கம் தயார். இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் இருக்கும், சொந்த டொமைனும் இணைக்க முடியாது. விக்ஸில் கட்டியதை வேறு சர்வருக்கு அப்படியே தூக்கிப் போகவும் முடியாது. தெரிந்தே ஏற்றுக்கொண்டால் அது தப்பில்லை.

பொம்மைக்காரரைப் போல ஸ்டாக் எண்ணி விற்பவர்கள், ஆன்லைன் கடைக்கென்றே உள்ள ஷாப்பிஃபையைப் பார்க்கலாம். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத வாடகை உண்டு. ஜூம்லா, ட்ரூபல் என்ற சிஎம்எஸ்கள் இரண்டும் திறமையானவை, ஆனால் சின்னக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை.

எதை வாங்கினாலும் முதல் வருஷத் தள்ளுபடி விலையை நம்பாமல், இரண்டாம் வருஷப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 5: காசு கட்டும் முன் ஓட்டிப் பாருங்கள்

விக்ஸில் இலவசக் கணக்கு போதும். வேர்ட்பிரஸுக்கு 'வேர்ட்பிரஸ் ப்ளேகிரவுண்ட்' என்ற பக்கம் இருக்கிறது. எதையும் நிறுவாமல் பிரௌசரிலேயே பழகலாம். பழகுவதற்கு மட்டும்தான், அதையே கடையின் தளமாக வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டிலும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள்: ஒரு விலையை மாற்றுவது, ஒரு படத்தை மாற்றுவது, புதுப் பொருள் ஒன்றைச் சேர்ப்பது. நோட்டில் மூன்றாவது கேள்விக்கு யார் பெயரை எழுதினீர்களோ, அவரே தன் மொபைலில் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.

நாங்கள் பெரிதாகக் கற்றுக்கொண்டது இங்கேதான். விலைக்காக நான் ஆசையாகப் போட்ட அட்டவணையில், சின்னத் திரையில் சரியான கட்டத்தைத் தொட சித்தப்பா திணறினார். "ஒரு ரகம், ஒரு வரி, அப்படி வைப்பா" என்றார். வைத்தேன். அப்புறம் ஐந்தே நிமிஷத்தில் எல்லா விலையையும் மாற்றிவிட்டார். வேர்ட்பிரஸ் என்று அன்றே முடிவாயிற்று.

படி 6: தமிழ் யூனிகோடில் இருக்கட்டும்

நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து வாங்கிய வாசகம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும், கூகுள் தேடலிலும் சிக்காது. எந்த ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், ஒருமுறை முழுதாகப் படித்தும் பாருங்கள். தமிழ் வாசகத்தைப் படமாகப் போடவும் வேண்டாம்.

படி 7: தளத்துக்கு ஒரு நகல்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது தோப்போடு சேர்ந்து கரண்டும் போயிற்று, பல நாள் வரவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் நகல் வைப்பது இந்தக் கரையோரத்துக்குச் சரிப்படாது. வேர்ட்பிரஸில் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற ப்ளகின், வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கு நகலை அனுப்பிவிடும்.

டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் காலாவதியாகும் தேதிகளைச் சித்தப்பா கடைச் சுவர்க் காலண்டரில், ஜிஎஸ்டி கட்டும் தேதியை வட்டமிடும் அதே சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருக்கிறார்.