கண்டெய்னர் நிற்க 10 விநாடி எடுத்தது ஏன்?

எங்கள் நிரலை டாக்கர் என்ற மென்பொருள் மூலம் கண்டெய்னரில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழலில், ஓட்டுகிறோம். அதை நிறுத்த 'டாக்கர் ஸ்டாப்' கட்டளை கொடுத்தால் எங்கள் கண்டெய்னர் உடனே நிற்காது. ஒவ்வொரு முறையும் சரியாக 10 விநாடி. பல மாதம் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் புதிய பதிப்பை ஏற்றும்போது, பயனர்களின் கோப்புப் பதிவேற்றங்கள் பாதியில் அறுந்துபோயின. அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

கண்டெய்னரின் எக்ஸிட் கோட், அதாவது அது எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், 137. அதாவது 128உடன் 9. கட்டாயமாக நிறுத்தும் 9ஆம் எண் சிக்னலான சிக்கில் (SIGKILL) மூலம் கொல்லப்பட்டிருக்கிறது. டாக்கர் முதலில் 'முடித்துக்கொள்' என்று கேட்கும் சிக்டெர்ம் (SIGTERM) சிக்னலை அனுப்பி, 10 விநாடி காத்திருந்து, அசையவில்லை என்றால்தான் சிக்கில் அனுப்பும். அப்படியென்றால் முதல் சிக்னல் என் நோட் (Node.js) நிரலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

காரணம், கண்டெய்னரை உருவாக்கும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலில் என்ட்ரிபாயிண்டாக, அதாவது முதலில் ஓட வேண்டியதாக, கொடுத்திருந்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு). அது டேட்டாபேஸ் அமைப்பைப் புதுப்பிக்கும் மைக்ரேஷனை ஓட்டிவிட்டு, கடைசி வரியில் நோடைத் தொடங்கும். கண்டெய்னருக்குள் 1ஆம் எண் புராசஸ் (ஓடும் நிரல்), அதாவது டாக்கரின் சிக்னல் போய்ச் சேரும் இடம், அந்த ஷெல்தான். நோட் அதன் பிள்ளை. தனக்கு வந்த சிக்னலை ஷெல் தானாகப் பிள்ளைக்குக் கடத்தாது.

கடைசி வரியின் தொடக்கத்தில் 'எக்ஸெக்' என்று ஒரு சொல் சேர்த்தேன். ஷெல் இருந்த இடத்துக்கே நோட் வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று பார்த்தால், அப்போதும் நிற்கவில்லை! 1ஆம் எண் புராசஸுக்கு லினக்ஸ் தனிப் பாதுகாப்பு தருகிறது: சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஹேண்ட்லர் இல்லாவிட்டால் சிக்டெர்ம் அதை ஒன்றும் செய்யாது.

அப்புறம் நிரலிலேயே ஹேண்ட்லர் எழுதினேன். புதிய கோரிக்கைகளை ஏற்காமல், கையில் இருப்பதை முடித்துவிட்டு வெளியேறும். பெரிய கோப்புகளுக்காக டாக்கரின் காத்திருப்பு நேரத்தையும் 60 விநாடியாக்கினேன். இப்போது வேலையில்லாத கண்டெய்னர் ஒரு விநாடிக்குள் நிற்கிறது, கோட் 0.

கடைசியாக ஒன்று: டாக்கர்ஃபைலில் என்ட்ரிபாயிண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் இரட்டை மேற்கோள்தான் போட வேண்டும். ஒற்றை மேற்கோள் போட்டால் டாக்கர் அந்த வரியை ஷெல்லிடம் கொடுத்துவிடும்.