பழைய பைக் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது எப்படி?

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை முதன்முதலாகத் திறக்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஹெட், சிலிண்டர், பிஸ்டன் ஆகிய மேல்பாதியோடு நிறுத்திக்கொள்வோம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கைப் பிரிக்க, அழுத்திக் கழற்றும் பிரஸ்ஸும் நீண்ட பழக்கமும் வேண்டும். எஞ்சினுக்குரிய சர்வீஸ் கையேடு பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் எஞ்சினின் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். ஃபின் எனும் குளிர்விப்புத் தகடுகளின் இடுக்கு மண் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் பிஸ்டனைச் சுற்றிப் போடும் புதிய ரிங்கை அராவிவிடும். ஆயிலை வடித்துவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஹெட் நட்டுகளை எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் அசையாவிட்டால் ரப்பர் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் விழும் கீறல் வழியே பிறகு கம்ப்ரஷன் கசியும்.

சிலிண்டரை உயர்த்தும்போது பிஸ்டன் முழுதாக வெளிவருமுன் கிராங்க் இருக்கும் அடிக்கூடான கிராங்க்கேசின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஒருமுறை துணி வைக்காமல், பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பை எடுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பி வளையம் கிராங்க்கேசுக்குள் போய்விட்டது. காந்தத்தால் அதை மீட்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கழற்றிய சர்க்ளிப்பை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

இப்போது கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு அசைவு இயல்பு. மேல்கீழாக ஆட்டம் தெரிந்தால் ராடின் கிராங்க் பக்கத்து முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. அத்துடன் நிறுத்தி, தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

உதிரிப்பாகம் வாங்கும் முன் அளவெடுங்கள். உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் சிலிண்டரை மேல், நடு, அடி என மூன்று இடங்களில், இரண்டிரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். நகத்தை ஓட்டினால் படிபோலத் தட்டும். கையேட்டு எல்லையைத் தாண்டியிருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, சிலிண்டரோடு லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்த பிறகே போர் அடிக்க (சிலிண்டரின் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும்.

பலர் தாண்டிச் செல்வது ரிங் இடைவெளியை. புதிய ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். அதன் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்குப் பொதுவான கணக்கு, போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பழைய 350 சிசி புல்லட்டின் போர் 70 மி.மீ.; எனவே சுமார் 0.28 மி.மீ. கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் விரியும் ரிங்கின் முனைகள் முட்டி, சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். மெல்லிய அரத்தால் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

வால்வுகளையும் சோதியுங்கள். ஹெட்டின் போர்ட்டில் (வாயு போகும் துளையில்) மண்ணெண்ணெய் ஊற்றினால் வால்வு ஓரம் கசியக் கூடாது.

பூட்டும்போது உராயும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஆயில் தடவுங்கள். ரிங்கில் குறியிட்ட பக்கம் மேலே இருக்கட்டும். மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளியிருக்கட்டும். புதிய கேஸ்கெட் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஹெட் நட்டுகளை எதிரெதிராகப் பல கட்டங்களில் இறுக்குங்கள்.

புதிய ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சில முறை கிக்கரை மிதியுங்கள், ஆயில் மேலேறும். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் நிறுத்துங்கள். மறுநாள் நன்றாக ஆறிய பின் ஹெட் நட்டுகளையும் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.